ஊர் நேரமும் நூலக நேரமும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், திருவட்டாறு, அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் கோழி கூவுமுன்பே எழுந்துவிடுவார்கள். நெற்றியில் கட்டிய லைட்டின் வெளிச்சத்தில் மரம் மரமாக வெட்டிப் போவார்கள். சிரட்டையில் பால் இறங்கும்வரை காத்திருந்து, எடுத்து, உறைய வைத்து, ஷீட் அடித்துக் காயப்போட்டு வீடு திரும்பும்போது பகல் பாதி போயிருக்கும். குளி, சாப்பாடு, ஒரு தூக்கம். அதற்குப் பிறகுதான் நாலு ரோடு சேரும் முக்குக்கு வந்து ஒரு சாயா குடித்துவிட்டு நாலு பேரிடம் பேசுவார்கள். அவர்களுக்கென்று ஒரு நாளில் மிஞ்சுவது அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான். அந்நேரம் முக்கில் நூலகம் திறந்திருந்தால் அவர்கள் வாசகர்கள். பூட்டிக் கிடந்தால் சாயாக்கடை பெஞ்சோடு சரி.

எந்த நூலகத்துக்குப் போனாலும் நான் முதலில் கதவருகே தொங்கும் நேரப் பலகையைப் படிப்பேன். ஊர் எப்போது உழைக்கிறது, எப்போது ஓய்கிறது என்று நூலகத்துக்குத் தெரியுமா என்பதை அந்தப் பலகையே சொல்லிவிடும். நூலக அறிவியலின் தந்தை என்று நாம் போற்றும் சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் தம் ஐந்து விதிகளை வெளியிட்டபோது, 'நூல்கள் பயன்பாட்டிற்கே' என்பதை முதல் விதியாக வைத்தார். அதை விளக்கும் இடத்தில் நூலகம் எங்கே அமைய வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும், உட்காரும் இருக்கை எப்படி இருக்க வேண்டும், உள்ளே இருக்கும் பணியாளர் எப்படிப் பழக வேண்டும் என்றெல்லாம் விரிவாகப் பேசினார். 'நூலகம் ஒரு வளரும் உயிர்' என்ற ஐந்தாவது விதியைத்தான் விழா மேடைகளில் அதிகம் சொல்கிறோம். முதல் விதி நடக்காத ஊரில் ஐந்தாவது விதிக்கு வழியே இல்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இதைப் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே ஏறத்தாழ 18.7 லட்சம் பேர். எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டு மாவட்டங்களில் முதலிடம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மயிலாடியில் கால் ஊன்றிய லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு நடத்திய பள்ளிகள், நாகர்கோவிலில் அது நிறுவிய அச்சகம், செமினரியாகத் தொடங்கி 1893-இல் கல்லூரியாக உயர்ந்த ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, திருவிதாங்கூர் அரசு நடத்திய பள்ளிகள், படிப்புக்காகச் சாதிக் கொடுமையை எதிர்த்து நின்ற மக்களின் பிடிவாதம் என்று பல கைகள் சேர்ந்து கொண்டுவந்த எண் அது. ஆனால் எழுத்துக் கூட்டத் தெரிந்த எல்லோரும் வாசிக்கிறவர்கள் ஆகிவிடுவதில்லை. பள்ளியை விட்டு வெளியே வந்த ஒருவரை ஆயுள் முழுக்க வாசிக்க வைக்கிற பொது இடம் நூலகம் ஒன்றுதான்.

இரண்டு மரபுகளின் நடுவே

குமரி மாவட்ட நூலகங்களைப் புரிந்துகொள்ள, தெற்கே வந்து சேர்ந்த இரண்டு வேறு வேறு மரபுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று திருவிதாங்கூர் மரபு. பி. என். பணிக்கர் என்ற பள்ளி ஆசிரியர் முன்னின்று உழைத்ததில், 1945-இல் அம்பலப்புழையில் 47 நூலகங்கள் ஒன்றுகூடி திருவிதாங்கூர் கிரந்தசாலை (நூலக) சங்கத்தை உருவாக்கின. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அப்போது திருவிதாங்கூருக்குள்தான் இருந்தன. அந்த இயக்கத்தின் அடிப்படை எளிமையானது. ஊரார் கூடி வாசகசாலை தொடங்குவார்கள். நிர்வாகக் குழுவை அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். அரசு மானியம் மட்டும் தரும். கேரளத்தில் இன்றும் அது உயிரோடு இருக்கிறது. 1989-இல் வந்த சட்டம் நூலகக் கவுன்சிலை அமைத்தது. நூலகங்களைத் தரம் பிரித்து அதற்கேற்ப மானியம் கொடுக்கிறார்கள். பணிக்கர் மறைந்த ஜூன் 19-ஆம் நாளை வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

மற்றது சென்னை மாகாண மரபு. ரங்கநாதன் வாதாடி, கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில் 1948-இல் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலித்து, மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமைத்து, அரசே நூலகங்களை நடத்துவது அதன் வழி. 1972-இல் பொது நூலகத்துக்கென்று தனி இயக்ககமும் வந்தது.

1956 நவம்பர் 1-ஆம் தேதி நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு இணைந்தன. அதன்பின் இந்த இரண்டாவது மரபுதான் நமக்கு அதிகாரபூர்வ மரபு. ஆனால் முதலாவது மறைந்துவிடவில்லை. எல்லையில் உள்ள களியக்காவிளையில் பஸ் ஏறினால் சில நிமிடத்தில் கேரளத்துப் பாறசாலை. அந்தப் பக்கம் நூலகம் என்றால் ஊர்க் கமிட்டி நினைவுக்கு வரும், இந்தப் பக்கம் அரசு அலுவலகம் நினைவுக்கு வரும். ஆனாலும் விளவங்கோடு, கல்குளம் ஊர்களில் இளைஞர் மன்றம் நடத்தும் படிப்பகங்களும், பங்குக் கோவிலை ஒட்டிய வாசகசாலைகளும் பல காலம் நடந்தன. சில இன்றும் நடக்கின்றன.

எங்கள் ஊரில் அப்படி ஒன்று இருந்தது. ஓடு போட்ட ஒற்றை அறை. ஒரு நீள மேசை, இரண்டு பெஞ்சு, மூலையில் கேரம் போர்டு, கண்ணாடி உடைந்த ஒரு அலமாரி. மாலையில் வேலை முடிந்து வருகிற அண்ணன்மாரில் யார் முந்துகிறாரோ அவர் திறப்பார். இரவு எட்டு, ஒன்பது வரை திறந்திருக்கும். ஆறாம் வகுப்பில் படிக்கும்போது நான் அங்கே எடுத்த முதல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, நோட்டில் என் பெயருக்கு நேராகக் கோடு போட்டுவிட்டு, "முழுக்க வாசிச்சியா மக்கா? கதையச் சொல்லு பாப்போம்" என்று கேட்டார் ஒரு அண்ணன். நான் சொன்னேன். பெஞ்சில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த நாலு பேரும் பேப்பரை மடக்கிவிட்டுக் கேட்டார்கள். அதற்காகவே அடுத்த புத்தகத்தை வரி விடாமல் வாசித்தேன்.

அந்த வாசகசாலை பத்து ஆண்டுகள் நன்றாக நடந்தது. பிறகு அதைத் திறந்து வைத்தவர்களில் ஒருவர் துபாய் போனார், இன்னொருவர் சவூதி, மற்றொருவருக்கு வெளியூரில் வாத்தியார் வேலை. சாவி ஒரு வீட்டின் ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது. ஊரார் அன்பால் நடத்தும் நூலகத்துக்கு உள்ள பெரிய ஆபத்து இதுதான். ஊரில் வேலை இல்லாமல் ஆட்கள் வெளியே போகும்போது, முதலில் போகிறவர்கள் அதைத் தாங்கிய படித்த இளைஞர்கள்.

அரசு நூலகத்தில் சாவி தொலையாது. சம்பளம் வாங்கும் நூலகர் இருப்பார், பதிவேடு இருக்கும், ஆண்டுதோறும் புத்தகம் வரும். அங்கே குறைவது வேறொன்று. ஊர் தன்னிடம் என்ன கேட்கிறது என்று அறிந்துகொள்ளும் காது. நேரம், புத்தகம், பணியிடம் எல்லாமே மாவட்டத்துக்கும் சென்னைக்கும் இடையே முடிவாகிவிடும். நல்ல நூலகர் கிடைத்த ஊர்களில் இந்தக் குறை தெரிவதில்லை. அவர் மாறிப் போனதும் தெரியும்.

வரி ரசீதில் இருக்கும் நூலகம்

நூலக வரி என்று ஒன்றைக் கட்டுகிறோம் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. சொத்து வரியில் அல்லது வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா. உங்கள் வீட்டுக்கு ஆண்டுக்கு 1,500 ரூபாய் வரி என்றால் 150 ரூபாய் நூலகத்துக்குப் போக வேண்டியது. ஊராட்சியோ பேரூராட்சியோ மாநகராட்சியோ வசூலித்து, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். அதிலிருந்துதான் கட்டடம், வாடகை, மின்கட்டணம், நாளிதழ், புத்தகம் எல்லாம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு அழகு இருக்கிறது. வளைகுடாவில் உழைத்த காசில் ஒருவர் கருங்கலில் அடித்தளம் போட்டு மாடி வீடு கட்டும்போது, அந்த ஊர் நூலகத்தின் வருமானமும் கூடுகிறது. ஊர் வளர நூலகமும் வளரும்படி சட்டமே வழி செய்திருக்கிறது. கோளாறு நடைமுறையில்தான். உள்ளாட்சி அமைப்புகள் வசூலித்த வரியை உரிய காலத்தில் ஒப்படைக்காமல் நிலுவை வைப்பது தமிழகம் முழுக்க நெடுங்காலமாகப் பேசப்படும் புகார். அதோடு, ஒப்படைத்த பணம் மாவட்டப் பொதுக் கணக்கில் சேர்வதால், என் வார்டு கட்டிய வரிக்கும் என் முக்கில் இருக்கும் நூலகத்துக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் கோடு இல்லை. கிராமசபையில் தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் கேள்வி கேட்கிறவர்கள் நூலகத்துக்குக் கேட்பதில்லை. தங்கள் காசு என்று தெரிந்தால் கேட்பார்கள். வரி ரசீதில் அந்தத் தொகையைத் தடித்த எழுத்தில் அச்சிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

2006-இல் வந்த அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் ஒரு நூலகக் கட்டடம் எழுந்தது. நல்ல கட்டடங்கள். திறக்க ஆள் நிலைக்கவில்லை. மிகக் குறைந்த மதிப்பூதியத்தை நம்பி யார் தினமும் வந்து கதவைத் திறப்பார்கள்? பல ஊர்களில் அவை வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. அரசு மரபின் சுவரும் வாசகசாலை மரபின் ஆட்களும் அங்கே ஒன்று சேர்ந்திருக்கலாம். இரண்டையும் இணைக்க யாரும் திட்டமிடவில்லை.

விளைகளும் முக்குகளும்

இந்த மாவட்டத்தின் நில அமைப்பு நூலகத்தை எங்கே வைக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. நாஞ்சில் நாட்டுப் பக்கம், அதாவது தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகளில், வீடுகள் தெருவாக நெருங்கியிருக்கும். சுற்றிலும் வயல், நடுவில் கோவில், குளம், ஊர். அங்கே நூலகத்தை ஊருக்குள் எங்கே வைத்தாலும் நடந்து வந்துவிடலாம். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் ஊரின் உருவமே வேறு. ஒவ்வொரு வீடும் தன் தென்னையோடும் பலாவோடும் ரப்பரோடும் தனித்தனி விளையில், அதாவது தோப்பில், இருக்கும். பெயர்களே மாங்காவிளை, பலாவிளை என்றுதான் வரும். அங்கே ஊரின் நடு என்பது நாலு ரோடு சேரும் முக்கு. பஸ் நிற்கும் இடம், மருந்துக்கடை, சாயாக்கடை, ரேஷன் கடை எல்லாம் அங்கேதான். இலவசமாக இடம் கிடைத்தது என்று முக்கிலிருந்து அரை மைல் உள்ளே, மேட்டின்மேல் கட்டிய நூலகத்துக்குப் பெண்களும் வயதானவர்களும் வருவதில்லை. நூலகத்துக்கென்றே ஒரு தனிப் பயணம் போகப் பெரும்பாலான பெண்களுக்கு நேரம் கிடையாது. முந்திரி ஆலையில் வேலை முடிந்து பஸ் இறங்கும் இடத்தில் நூலகம் இருந்தால், பிள்ளைக்கு ஒரு புத்தகமாவது எடுத்துக்கொண்டு போவார்கள்.

இடத்துக்கு அடுத்து, திரும்பவும் நேரம். தமிழகக் கிளை நூலகங்களுக்கு வாராந்திர விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிறு திறந்திருக்கும் என்பது பெரிய கொடை. காலையில் கோவிலுக்குப் போய்விட்டு வருகிற குடும்பங்கள் பிள்ளைகளோடு அப்படியே நூலகத்துக்குள் நுழைவதை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன்.

ஆண்டின் கணக்கும் உண்டு. இதை யாரும் போதிய அளவு பேசியதாக எனக்குத் தெரியவில்லை. மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்ளேயே இரண்டும் வருகின்றன. கிழக்குப் பக்கம் சின்னமுட்டம் துறைமுக விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும்போது மேற்கே குளச்சல், தேங்காய்ப்பட்டணம் படகுகள் கடலில் இருக்கும். மேற்குப் படகுகள் கரைக்கு வரும்போது சின்னமுட்டத்துப் படகுகள் புறப்படத் தயாராகும். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் இருந்துவிட்டு வருகிறவர்கள். தடைக்காலத்தில் அவர்கள் தொடர்ந்து வீட்டில் இருப்பார்கள். வலை பின்னுவதும் படகுக்குப் பெயிண்ட் அடிப்பதும் போக மாலைகள் நீளமானவை. அதேபோல் மேற்கு மலையடிவாரத்தில் அடைமழை நாட்களில் பால் வெட்டு நின்றுபோகும். நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகங்களில் முதலாவதன் அறுவடைக்கும் அடுத்ததன் நடவுக்கும் இடையே சிறிது மூச்சு கிடைக்கும். ஆக, ஒரே மாவட்டத்தில் மூன்று நான்கு பஞ்சாங்கங்கள். அந்தந்த ஊரின் ஓய்வு மாதங்களிலாவது மாலை நேரத்தை இரண்டு மணி கூட்டித் திறப்பதற்கு நூலகருக்கு அனுமதியும் உதவிக்கு ஒரு ஆளும் கிடைத்தால், புதுக் கட்டடம் கட்டுவதைவிட அதிகப் பலன் தரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

அலமாரி

மாவட்டத்தின் எல்லா நூலகங்களுக்கும் பெரும்பாலும் ஒரே கட்டுப் புத்தகம் வருகிறது. அதில் தவறில்லை, நல்ல தமிழ் நூல்கள் கடைக்கோடி வரை போய்ச் சேருவது அப்படித்தான். ஆனால் அதன்மேல் ஊர் தன் பங்கைச் சேர்க்க வேண்டும். விளவங்கோடு பக்கம் மலையாளத்தில் பள்ளிப்படிப்பு முடித்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், மலையாள வழியில் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு அலமாரி வேண்டும். கடலோரத்தில் ஜி.பி.எஸ், வானிலை, படகு எஞ்சின், மீன்வளச் சட்டம் பற்றித் தமிழில் எளிய நூல்கள் வேண்டும். எல்லா ஊருக்கும் வேண்டியது உள்ளூர் வரலாறு. கோவில் கும்பாபிஷேக மலர், சபை நூற்றாண்டு மலர், பள்ளி ஆண்டு மலர், அய்யாவழிக்காரர்களின் வழிபாட்டு இடங்களான பதிகளில் கிடைக்கும் சிறு வெளியீடுகள், பெண்களின் மேலாடை உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் பற்றி ஊர்க்காரர் யாரோ சொந்தக் காசில் அச்சடித்த சிறு நூல். எந்தக் கொள்முதல் பட்டியலிலும் இவை வராது. நூலகர் கேட்டு வாங்கினால்தான் உண்டு. கேட்காத வீடுகளில் அவை பழைய பேப்பரோடு போகின்றன.

ஒரு கிளை நூலகத்தில் ஒரு மேல்தட்டு முழுக்க ஒரே கையெழுத்தில் பெயர் எழுதிய புத்தகங்களைப் பார்த்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இறந்த பிறகு அவர் பிள்ளைகள் கொடுத்தவை. ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் வாங்கிய தேதி, கடை, விலை, கடைசிப் பக்கத்தில் வாசித்து முடித்த தேதி. சிலவற்றில் ஓரத்தில் பென்சிலால் 'இது சரியல்ல', 'ஆஹா' என்று குறிப்புகள். அதை எடுத்து வாசிக்கிறவர்களுக்கு ஊரிலேயே வாழ்ந்த ஒருவரோடு உட்கார்ந்து வாசிப்பதுபோல இருக்கும். 'அன்பளிப்பு' முத்திரை குத்திய அந்தத் தட்டுக்குத்தான் அதிகம் கைபட்டிருந்தது.

புத்தகத்தைக் காப்பதும் இங்கே தனி வேலை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. சுவரை ஒட்டி வைத்த புத்தகங்களின் அட்டையில் ஆடி மாதத்துக்குள் பூஞ்சணம் படர்ந்துவிடும். கறையான் தரையிலிருந்து ஏறும். அலமாரியை ஒரு சாண் முன்னே இழுத்துப் போடுவதும், வெயில் அடிக்கும் நாளில் ஜன்னல்களைத் திறந்து வைப்பதும் பாதி மருந்து. கூரை ஒழுகலை உடனே அடைப்பது மீதி.

நாற்காலிக்குக் காத்திருப்பவர்கள்

இன்று நூலகத்துக்குள் நுழைந்தால் அதிகம் தெரிவது போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். டிஎன்பிஎஸ்சி, ஆசிரியர் தேர்வு, காவலர் தேர்வு என்று பட்டம் வாங்கிய பிள்ளைகள், அதில் பெண் பிள்ளைகள் பாதிக்குமேல், காலையில் வந்து மாலைவரை இருப்பார்கள். வீட்டில் தனி அறை இல்லாதவர்களுக்கும், நாகர்கோவில் பயிற்சி மையங்களுக்குக் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கும் நூலக மேசைதான் பயிற்சி மையம். சில பெரியவர்கள் "பேப்பர் பார்க்க உட்கார இடமில்ல" என்று சலித்துக்கொள்கிறார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம். நாளிதழ் மேசையைத் தாழ்வாரத்துக்கு மாற்றி, உள்ளறையைப் படிக்கிறவர்களுக்கு விட்ட நூலகங்களில் இந்தச் சலிப்பு தீர்ந்தது. அதற்கு ஒரு நீளப் பெஞ்சுதான் தேவைப்பட்டது.

வர முடியாதவர்கள் இன்னொரு பக்கம். பிள்ளைகள் வெளிநாட்டிலும் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்கள் நம் மாவட்டத்தில் ஊருக்குப் பத்து வீட்டில் உண்டு. தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கும் 'நூலக நண்பர்கள்' திட்டத்தை அரசு தொடங்கியபோது நான் முதலில் நினைத்தது அவர்களைத்தான். புத்தகத்தோடு போகிறவர் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டும் வருவார்.

இதையெல்லாம் நடத்தச் சட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. ஒவ்வொரு அரசு நூலகத்துக்கும் வாசகர் வட்டம் உண்டு. ஆயிரம் ரூபாய் கொடுத்தால் யாரும் புரவலராகலாம். பல இடங்களில் வாசகர் வட்டம் நவம்பர் 14 முதல் 20 வரையிலான நூலக வார விழாவில் பேச்சுப்போட்டி நடத்தும் அமைப்பாகச் சுருங்கிவிட்டது. பழைய வாசகசாலைக் குழு செய்த வேலையை அது மேற்கொள்ள வேண்டும். மாதம் ஒருமுறை கூடி, போன மாதம் யார் வந்தார்கள், யார் வரவில்லை, எந்தப் புத்தகம் கேட்டு இல்லாமல் போனது என்று பேசி, எழுதி, நூலகர் வழியாக மாவட்டத்துக்கு அனுப்புவது. வளைகுடா போன அண்ணன்மாரில் பலர் இப்போது ஊர் திரும்பி, அறுபது வயதில் மாலை நேரங்களோடு முக்கில் நிற்கிறார்கள். அவர்களைக் கூப்பிட வேண்டும்.

கடலோர ஊர் ஒன்றின் நூலகத்தில் சில வருடங்களுக்கு முன் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். பெயர், வயது, தொழில், வந்த நேரம், கையெழுத்து என்று ஐந்து கட்டம். மே மாதப் பக்கங்களில் தொழில் கட்டத்தில் 'மாணவர்', 'ஓய்வு', 'மாணவி', 'வீட்டு வேலை' என்று மாறி மாறி வந்தது. ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து வேறொரு சொல் நுழைந்திருந்தது. 'கடல்'. ஒரு பக்கத்தில் நான்கு, அடுத்த பக்கத்தில் ஏழு. வந்த நேரம் எல்லாமே மாலை ஆறு, ஆறரை. நூலகம் மூடும் நேரம் ஏழு. ஒரு கையெழுத்துக்குப் பக்கத்தில், கட்டத்துக்கு வெளியே, நீல மையில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'எட்டு மணி வரை வைக்க முடியுமா சார்?'